கூரையைப் பார்த்துச் சமைப்பவர்

எல்லாரும் சமைக்கும்போது சட்டியைப் பார்ப்பார்கள். அத்தான் கூரையைப் பார்க்கிறார். ஒரு கையில் கரண்டி, தோளில் ஈரத் துண்டு, இடுப்பில் வேலைச் சாவிக்கொத்து. சட்டியின் மூடியை ஒரு விரல் அளவு தூக்குகிறார். ஆவி குபுக்கென்று வெளியே வருகிறது. உடனே தலை அண்ணாந்துவிடுகிறது. அடுப்புக்குச் சற்றுத் தள்ளிக் கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டத்தில் சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்மினுக்கென்கிறது. "தூங்குது," என்கிறார் என்னிடம் ரகசியக் குரலில், தொட்டில் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. "தட்டை எடு. சத்தம் போடாம சாப்பிட்டுடலாம்."

அந்த வட்டம் புகையைக் கண்டால் கத்துகிற மணி. ஒரு வீட்டில் கத்தினால் அடுக்குமாடி முழுக்கக் கத்தும், அத்தனை பேரும் படியிறங்கி வாசலுக்கு வர வேண்டும். அத்தானுக்குத் தொழிலே அதுதான். கட்டடம் கட்டடமாகப் போய், ஏணி போட்டு ஏறி, புகைமணிகளைத் தூசி தட்டி, ஒரு டப்பாவிலிருந்து பொய்ப் புகையைப் பீய்ச்சி, கத்துகிறதா என்று சோதிப்பார். நன்றாகக் கத்தினால் பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல முகம் மலரும். சொந்த வீட்டில் கத்தினால் மட்டும் மானம் போய்விடும்.

அவர் என் அக்காவின் கணவர். நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே ஒற்றை அறையில் இருக்கிறேன். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசை வேலை. சாயங்காலச் சாப்பாடு அக்கா வீட்டில், இலவசம். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என்ன செய்வது, நான் பார்க்கிற வேலையே பல் சம்பந்தப்பட்டது.

அந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறம் கிடையாது. சோறு வெள்ளை. உருளைக்கிழங்கு வெள்ளை. முட்டை வெள்ளை, உள்ளே மட்டும் மரியாதைக்குக் கொஞ்சம் மஞ்சள். கேரட்டையே வெளுக்க வைத்துவிடுவார் மனுஷன். எல்லாமே அவிப்பதுதான். ஒரே சட்டி: அடியில் அரிசியும் பருப்பும், மேலே துளைத்தட்டில் காய்கறி, ஓரத்தில் நன்றாகக் கழுவிய முட்டை ஓட்டோடு. மூடி போட்டால் கால் மணி நேரத்தில் குடும்பத்துக்கே சாப்பாடு தயார். அதற்குள் காய் நறுக்கிய பலகையும் கத்தியும் கழுவித் துடைத்து மாட்டப்பட்டிருக்கும். "ஒரு வேளைக்கு ஒரு சட்டி. ரெண்டாவது சட்டி எடுத்தா அது சமையல் இல்ல, தண்டனை," என்பார். வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ருசியைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பராமரிப்பில் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. சனிக்கிழமை காலையில் அந்தச் சமையலறைக்குள் போனால் ஏதோ ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்குள் பிழிந்த எலுமிச்சைத் தோல் மிதக்கும். உள்ளே படிந்த சுண்ணாம்பு கழன்று வர அதுதான் வைத்தியமாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒரு கிண்ணத்தில் வெந்துகொண்டிருக்கும். (ஒரு தடவை பசியில் அதை வெள்ளைப் பணியாரமோ என்னவோ என்று நினைத்து முள்கரண்டியால் குத்திவிட்டேன். அந்த வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.) குளிர்பெட்டிக் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார். காகிதம் சுலபமாக வந்துவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை காகிதமே கிழிந்தது. "பாத்தியா பிடியை!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதிசயித்து வைத்தேன். சாப்பாடு போடுகிறவர் ஆயிற்றே.

கழுவுதொட்டியில் ஒரு கரண்டி கிடந்தால் போதும், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. "அதை அப்படியே விடாத. ராத்திரியோட ராத்திரியா குட்டி போட்டுடும்," என்பார்.

இந்த வெள்ளைச் சாப்பாட்டுக்குக் காரணம் வெங்காயம்.

கல்யாணமான புதிதில் அக்காதான் சமைத்தாள். அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பேருந்தை எப்படி ஓட்டுவாளோ அப்படித்தான் அடுப்பையும் எரிப்பாள். மெதுவாகப் போவது என்ற பேச்சே இல்லை. ஒரு நாள் வெங்காயத்தைப் போட்டு முறுகமுறுக வதக்கியிருக்கிறாள். மணி கத்திவிட்டது. கட்டடமே இறங்கி வாசலுக்கு வந்தது. மேல் மாடிப் பெரியவர் சோப்பு நுரையோடு, ஒரு துண்டோடு. அன்று பார்த்து அத்தானின் மேலதிகாரி வேறு ஏதோ வேலையாக வந்திருந்தார். "எந்த வீடு?" என்று கேட்டபோது அத்தான் வாசல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாராம். ஒல்லியான தூண், பருத்த அத்தான். இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறார். அன்றிலிருந்து வேலையிடத்தில் அவருக்கு 'வெங்காயம்' என்று பெயர். எங்கள் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அன்று கரண்டியைப் பிடுங்கியவர்தான். திரும்பக் கொடுக்கவே இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கள் கட்டடத்தில் மணியடித்து ஒத்திகை நடக்கும். அத்தான் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்ப்பார். "அடுப்பை அணை. கதவைச் சாத்து. வெறுங்கையோட வா. உயிரைத் தவிர ஒண்ணையும் எடுத்துட்டு வரக்கூடாது." போன ஒத்திகையில் மூன்றாம் மாடி அம்மா டி.வி. ரிமோட்டோடு வந்துவிட்டார். ஊரே பார்க்க அவருக்குப் பாடம் நடந்தது. "ஏம்மா, வீடு எரிஞ்சா டி.வி.யும் எரியும். வெறும் ரிமோட்டை வச்சு யாரை மாத்தப் போறீங்க?" அந்த அம்மா அதை மறக்கவில்லை. படியில் அத்தானைப் பார்த்தால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

குட்டு உடைந்தது போன வாரம்.

அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள். கதவைத் திறந்த அத்தான் நகரவில்லை. மூக்கு மட்டும் விரிந்தது. அது சாதாரண மூக்கு இல்லை. எரிவது வயரா, காகிதமா, பக்கத்து வீட்டுக்காரர் வயிறா என்று பிரித்துச் சொல்லும்.

"எங்க போயிட்டு வர்ற?"

"பஸ் ஓட்டிட்டு வர்றேன். வேற எங்க போவாங்க?"

"காலர்ல வாசனை வருது."

நான் சோற்றில் கை வைத்தபடி உறைந்துபோனேன். எழுந்து போவதுதான் நாகரிகம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, கால் நகரவில்லை.

"என்ன வாசனை?" என்றாள் அக்கா. குரலில் சுருதி இறங்கிவிட்டது.

"வெங்காயம்." அத்தான் இன்னொரு முறை மோந்து பார்த்தார். "சிவந்த வெங்காயம். எத்தனை நாளா நடக்குது இது?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்துங்க. டிப்போல ஒரு கரண்ட் அடுப்பு இருக்கு. இடைவேளையில எல்லாரும் சேர்ந்து…"

"எல்லாருமா!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. தண்ணீர் குடிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க சமையலைக் குறை சொல்லலைங்க. நான் வந்து நின்னா சுடச்சுட சோறு இருக்கு. என்னோட ஓட்டுறவங்க யாருக்கும் இந்தக் கொடுப்பினை இல்ல. ஆனா நம்ம வீட்ல, நம்ம அடுப்புல, ஓரம் கருகின வெங்காயம் ஒரே ஒரு தடவை திங்கணும். உங்களோட உக்காந்து திங்கணும். டிப்போல திருட்டுத்தனமா தின்னா தொண்டையில இறங்க மாட்டேங்குது."

கழுவுதொட்டியில் ஒரு கரண்டி கிடந்தது. அதை அத்தான் கழுவவில்லை. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது.

மறுநாளிலிருந்து சட்டியைவிட அதிகமாக அவர் கொதித்துக்கொண்டிருந்தார். மணி கத்தாமல் வெங்காயம் வதக்க நான் ஒரு யோசனை சொன்னேன்: குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறையை மணிக்கு மாட்டிவிட்டால் என்ன? பாதிக் கட்டடம் அதைத்தானே செய்கிறது! என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீடு வீடாப் போய் அந்த உறையைக் கழட்டுறவன் நான். ஊருக்குத்தான் உபதேசமா?" வாட்ச்மேனும் பெரிய மனது பண்ணி, "யோவ் வெங்காயம், ஒரு பத்து நிமிஷம் நான் கீழ மணியோட மெயினை அணைச்சு வைக்கிறேன்யா," என்றிருக்கிறார். அவரோடு இரண்டு நாள் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு அழைப்பு வந்தது. "மச்சினி, மேல வா. ஆள் குறையுது."

மேலே போனால் போர்க்களம். ஜன்னல் கதவுகள் விரியத் திறந்திருந்தன. மேசை விசிறி வெளிப்பக்கம் பார்த்து ஓடியது. அது விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. வெங்காயம் மெலிதாக நறுக்கி, துணியில் பரப்பி, ஈரம் ஒற்றி வைத்திருந்தது. வாணலியைப் பார்த்தேன், புத்தம் புதுசு. ஒரு சட்டிக் கொள்கை அன்றோடு செத்தது. அத்தான் முக்காலியில் ஏறி நின்று, மணிக்கு நேர் கீழே ஈரத் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"என்னங்க, இப்பவேவா?"

"பழகிக்கிறேன். நீ ஆரம்பி. சின்னத் தீ. இது பஸ் இல்ல, ஞாபகம் வச்சுக்கோ."

அக்கா எண்ணெய் விட்டாள். வெங்காயம் விழுந்து சுர்ரென்றது. துண்டு விர்விர்ரென்று சுழன்றது. வெள்ளை வெங்காயம் கண்ணாடியாயிற்று, பிறகு லேசாக மஞ்சளாயிற்று. சிவப்புப் புள்ளி அதுபாட்டுக்கு மினுக்கியது. "போதுமா?" என்றார் அத்தான், கூரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இன்னும் கொஞ்சம்."

தேன் நிறம் வந்தது. அதோடு வாசனையும். ஐயோ, அந்த வாசனை! அந்த வீட்டுச் சுவர்கள்கூட அதை மறந்திருக்கும். ஓரங்கள் கருகத் தொடங்கின. அக்கா, "இப்பப் பாருங்க," என்றாள்.

அத்தான் பார்த்தார். முக்காலியில் நின்றபடியே முழங்காலை மடக்கிக் குனிந்து, முகத்தை வாணலிக்கு மேலே கொண்டுவந்து, சட்டிக்குள் பார்த்தார். வாய் திறந்துகொண்டது. "அடடா," என்றார். "இவ்ளோ அழகா இருக்குமா இது?" துண்டு கையில் தொங்கியது.

மணி கத்தியது.

அக்கா சட்டென்று அடுப்பை அணைத்தாள். நானும் அவளும் சட்டப்படி வெறுங்கையோடு படியிறங்கினோம். எல்லா மாடிகளிலும் கதவுகள் சாத்தப்படும் சத்தம். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சோப்பு நுரைப் பெரியவர் இம்முறை முக்கால்வாசி உடுத்தியிருந்தார். மூன்றாம் மாடி அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக்காட்டியபடி நின்றார். எங்கள் வீடுதான் என்று மூக்கு உள்ள எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அத்தானை மட்டும் காணோம். அக்கா படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சுடி," என்றாள், கண்ணில் தண்ணீர் நின்றது. "என் நாக்கால அவரு மானம் ரெண்டாவது தடவை போச்சு. இனிமே வெங்காயம்னு வாயைத் திறக்க மாட்டேன்."

எல்லாருக்கும் கடைசியாக அத்தான் வந்தார். மெதுவாக, ஒவ்வொரு படியாக, வழி பார்த்துக் காலெடுத்து வைத்து வந்தார். மார்போடு அணைத்திருந்தது ஈரத் துண்டில் சுற்றிய வாணலி. சட்டைப் பையில் கரண்டி.

மூன்றாம் மாடி அம்மாவுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா! "ஏம்ப்பா! உயிரைத் தவிர ஒண்ணையும் எடுத்துட்டு வரக்கூடாதுன்னியே!"

அத்தான் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்தார், துண்டைப் பிரித்தார், வாணலியை நீட்டினார். "ஆறிடும். சாப்பிடு."

அக்கா விரல்களால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். முறுக்கென்று கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக இன்னொரு பிடி எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

அப்போதுதான் வாட்ச்மேன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எந்த வீடுய்யா? எந்த வீடு?"

தூண் பக்கத்திலேயேதான் இருந்தது. அத்தான் வாய் நிறைய மென்றபடி, ஒரு கையால் வாணலியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்த கரண்டியை உருவி, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிக் காட்டினார்.