வலப்பக்கத்து நட்டு

மூணாறு தாண்டி மறையூர் இறக்கத்தில்தான் கவனித்தேன். கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. காலையில் இப்படி இல்லை. பின்சீட்டில் ஏழு மாத வயிற்றோடு அக்கா. வளைகாப்புக்காகச் சூரியநெல்லியில் அவள் புகுந்த வீட்டிலிருந்து முதலமடையில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். முன்னால், என் பக்கத்தில் அப்பா.

இரண்டு நாள் முன்பு எங்கள் மாந்தோப்பில் நானே வீல் அலைன்மெண்ட் செய்திருந்தேன். கடைக்குக் கொண்டுபோகச் சொன்ன அப்பாவிடம், இதற்கு நூலும் ஸ்கேலும் போதும் என்று பெரிய பேச்சு பேசியிருந்தேன். மாங்காய் அடுக்கும் கிரேட்டுகளை நாலு மூலையிலும் வைத்து, காரின் இருபுறமும் நூல் கட்டி, முன்சக்கரங்கள் எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்று அளந்தேன். சக்கரத்தைத் திருப்பும் கம்பியை அரைச்சுற்று திருகி, அதன் நட்டை இறுக்க வேண்டும். இடப்பக்கம் இறுக்கினேன். வலப்பக்கம் திருகிக்கொண்டிருந்தபோது காய் ஏற்ற லாரி வந்துவிட்டது. கிரேட்டைக் கேட்டார்கள், வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

அதற்கு முன் இறுக்கினேனா?

எவ்வளவு யோசித்தும் ஸ்பேனரைப் பிடித்த கை நினைவுக்கு வரவில்லை. இடப்பக்கம் பள்ளம். வேகத்தைக் குறைத்தேன். சொன்னால் அக்கா பயந்துவிடுவாள். சொல்லாமல் அடுத்த வளைவை எப்படித் திருப்புவது?

"ஏஞ்சாமி, வண்டி இந்த நகரு நகருது?" என்றார் அப்பா.

"இஞ்சினீரு பாத்த வண்டியில்லீங்களாப்பா, அப்படித்தான் போகும்" என்று அக்கா சிரித்தாள்.

தேயிலைச் சரிவை ஒட்டி நிறுத்தினேன். சக்கரத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, இறங்கி வலது சக்கரத்தின் உள்ளே கையை விட்டேன். நட்டு விரலுக்கே சுற்றியது.

"முறுக்க மறந்துட்டனுங்கப்பா."

அப்பா திட்டவில்லை. பள்ளத்தை ஒருதரம் எட்டிப் பார்த்தார். ஸ்பேனரோ தோப்பிலேயே கிடந்தது.

பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினோம். டிரைவர் ஸ்பேனர் கொடுத்தார். கம்பியை ஒரு குத்துமதிப்பாகத் திருப்பி வைத்து, நட்டை இறுக்கினேன். அவரும் குனிந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"மறையூருல ஒர்க்ஷாப்பு இருக்கு, மெதுவா உருட்டிக்கிட்டே வாங்க. வயித்துப்புள்ளக்காரிய மட்டும் இதுல ஏத்தாதீக. நம்ம ஜீப்புல வரட்டும்" என்றார்.

அக்கா ஜீப்பில் ஏறினாள். அவள் பக்கத்தில் இடம் இருந்தது. அப்பா ஏறவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தை அறுக்கிறது என்று இத்தனை வருடம் தொடாத சீட் பெல்ட்டை இழுத்து, மாட்டத் தெரியாமல் என்னிடம் நீட்டினார்.