கிரகணத்துக்கு முன்பே உருவான முகம்

மாரியம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் எனக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு முன், தை மாதம் மகள் பிறந்தாள். மேலுதடு பிளந்திருந்தது. அண்ணத்திலும் பிளவு. குடித்த பால் மூக்கு வழியே வந்தது.

"கிரகணத்தன்னிக்கு இவ எதையோ அறுத்திருக்கா" என்றாள் என் அக்கா.

என் மனைவி செல்வி அன்று கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவள். "நான் எந்திரிக்கவே இல்லைங்க" என்று அழுதாள். நான் நம்பவில்லை. கோயிலுக்குப் போய், "ஆத்தா, பிள்ளையக் காப்பாத்து. செஞ்ச தப்ப அவ வாயாலயே சொல்ல வையி" என்று வேண்டினேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

மறுவாரம் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவிடம் கிரகணத்தைப் பற்றி நானே கேட்டேன்.

"அப்ப இவங்களுக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழாவது மாசம்ங்க."

அவர் தம் கைகளைக் கன்னங்களின் இருபுறமும் வைத்து, மெல்ல நடுவே கொண்டுவந்தார். "முகம் இப்படித்தாம்ப்பா ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். உதடு ரெண்டாம் மாசத்துக்குள்ள. அப்ப பிள்ளை மொச்சைப்பயறு அளவுதான். அண்ணம் மூணாம் மாசத்துக்குள்ள. சிலதுக்குச் சேராம நின்னுரும். ஏன்னு பல நேரம் எங்களுக்கே தெரியாது. கிரகணத்தால இல்ல. உங்க வீட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்குப் புல்லரித்துவிட்டது. மொச்சைப்பயறு அளவு உடம்பில் ஒரு முகம்! அந்த இருட்டில் இரண்டு பக்கமும் வழி தெரிந்து வந்து சேர்கிறது. அந்த நாட்களில் பிள்ளை தங்கியதே எங்களுக்குத் தெரியாது. செல்வி என்னோடு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். என் மூக்குக்குக் கீழிருக்கும் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். நானும் அப்படிச் சேர்ந்தவன்தானே. ஒருநாளாவது அதற்காகக் கும்பிட்டிருக்கிறேனா?

அவள் வாயால் உண்மை வர வேண்டும் என்று கேட்டேன். ஆத்தா டாக்டரம்மா வாயால் சொல்ல வைத்தாள்.

வெளியே வந்து, "என்னைய மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

"மொதல்ல பிள்ளையப் பிடிங்க. கை வலிக்குது" என்றாள் செல்வி.

அன்றுமுதல் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையில் நானே பால் ஊட்டினேன். நான்காம் மாதம் உதட்டுக்கும், ஒரு வயதில் அண்ணத்துக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது "ம்மா" என்கிறாள். அந்த உதடுகள் ஒட்டிப் பிரிவதை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் கலங்காதீர்கள். ஆத்தாளை நம்புங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கும் முன்னால், பெற்றவள் சொல்வதை நம்புங்கள்.