தோளில் தூக்கிய சைக்கிள்

முதல் அடி வாயில் விழுந்தது. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தின் ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே கையை வீசினான். அவள் சரிந்தாள். இரும்புச் சைக்கிள் அவள்மேல் விழுந்து அமுக்கியது. அதன் அடியிலிருந்து காலை உருவுவதற்குள் அவன் இறங்கி வந்து விலாவில் உதைத்தான்.

“எங்க வெச்சிருக்க அவளை? சொல்லிடு அண்ணி. மரியாதையா கேக்குறேன்.”

அவள் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினாள். “உங்க மரியாதை இங்க கீழ கிடக்கு மாப்பிள, பொறுக்கிட்டுப் போங்க” என்றாள்.

அதற்கும் ஓர் உதை கிடைத்தது. போகிறபோது அவளுடைய பெட்டியைப் பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போனான். உள்ளே இருந்த மூக்குக்கண்ணாடி லென்ஸ்கள் அத்தனையும் நொறுங்கின.

லென்ஸ் தேய்க்கும் பட்டறையிலிருந்து ஊரிலுள்ள கண்ணாடிக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோவதுதான் அவள் வேலை. அதனால் லென்சு அக்கா என்பதே பேராகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். மாடியில் ஒற்றை அறை. கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையின் புருஷன்தான் பாலத்தில் அடித்தவன். பாலத்தின் அடிவாரத்தில் டயர் கடையில் வேலை. லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகக் கழற்றிப் போடும் கை. அந்தக் கையால் அறைந்துதான் தங்கைக்கு இடது காது கேட்காமல் போனது. குழம்பு ஆறிப்போயிருந்ததாம், அதற்கு.

காது போன மறுநாளே லென்சு அக்கா தங்கையைக் கூட்டிக்கொண்டு போய், ஊரின் மறுகோடியில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டாள். துணி வெளுக்கும் கூடமொன்றில் வேலையும் பிடித்துக் கொடுத்தாள். இடம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதனால்தான் அடி அவள்மேல் விழுந்தது.

வீங்கிய வாயோடு காவல் நிலையத்துக்குப் போய் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே, “சொந்தக்காரங்கதானே? உக்காந்து பேசித் தீத்துக்கங்கம்மா” என்றார்.

“வாயைத் தொறந்தாத்தானே சார் பேச முடியும்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேலையை விட முடியாது. ரயில் பாதையின் இந்தப் பக்கம் பட்டறை, அந்தப் பக்கம் கடைகள். கடந்து போக அந்தப் பாலம் ஒன்றுதான். பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, நடந்து போகிறவர்களுக்காக இரும்புப் படிக்கட்டு வைத்த ஒடுக்கமான நடைமேம்பாலம் ஒன்று இருந்தது. அதில் மோட்டார் சைக்கிள் ஏறாது. ஆனால் அவளுடைய இரும்புச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவளாலும் ஏற முடியாது. ஒருநாள் தூக்கிப் பார்த்தாள். ஐந்தாறு படி ஏறுவதற்குள் அடிபட்ட விலா ‘அம்மா’ என்றது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். ஒரு தோளில் மாட்டிக்கொண்டு படியேறி ஓடுகிற மாதிரி ஒரு சைக்கிள் வேண்டும். பந்தயக்காரர்கள் ஓட்டுகிற ரகம். கடையில் அதன் விலையைக் கேட்டால் அவளுடைய அறையையே விற்றாலும் கட்டாது. அறையும் வாடகை அறை.

இரும்புச் சைக்கிளை எடைக்குப் போட்ட கடையிலேயே புதியது பிறந்தது. பழைய இரும்புக் கடைக்காரக் கிழவியைத் தராசு என்பார்கள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவளோடு லென்சு அக்கா ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள்: சாயங்காலங்களில் வந்து பழைய ஒயர்களை உரித்துச் செம்பைத் தனியாக எடுத்துக் கொடுப்பது, கூலிக்குப் பதில் குவியலிலிருந்து சாமான் எடுத்துக்கொள்வது.

குவியலின் அடியில் ஓர் அலுமினியச் சட்டம் கிடைத்தது. ஏதோ விபத்தில் முன்பக்கம் நசுங்கிய பந்தய சைக்கிள். முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கவை வளைந்துவிட்டிருந்தது, சட்டம் நேராக இருந்தது. நேர்தானா என்று பார்க்க, முன்னாலிருந்து பின்சக்கரம் மாட்டும் இடம் வரை இரு பக்கமும் நூல் கட்டி அளந்தாள். இரண்டு பக்கமும் நூலுக்கும் நடுத்தண்டுக்கும் ஒரே இடைவெளி.

“பொணம் ஓட்டின வண்டியா இருக்கும்டி” என்றாள் தராசு.

“நானும் பாதிப் பொணம்தான். பொருத்தமா இருக்கும்.”

வளைந்த முன்கவைக்குப் பதில் குவியலிலிருந்து வேறொன்றை மாட்டினாள். கியர்களைக் கழற்றி எறிந்தாள். ஒரே பல்சக்கரம் போதும். கனமும் குறைந்தது, கெட்டுப்போகச் சாமானும் குறைந்தது. ஸ்டாண்டு, கேரியர், செயின் மூடி எதுவும் கிடையாது. இருக்கைத் தண்டில் தேவைக்கு மேல் இருந்ததை ரம்பத்தால் அறுத்தாள். மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியின் நுனிகளையும் அறுத்தாள். கைக்காசு போட்டது இரண்டே இடத்தில்: நல்ல டயர், நல்ல பிரேக். “ஓடுறதுலயும் நிக்கிறதுலயும் கஞ்சத்தனம் பண்ணா உயிரு போயிடும்” என்பது அவள் கணக்கு.

பாதி வேலை முடிந்திருந்தபோது அவன் அங்கேயும் வந்துவிட்டான். தராசு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள், சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசைமேல் குனிந்து சக்கர அச்சு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பிடரியைப் பிடித்து மேசையோடு அழுத்தினான். இடது கையை இழுத்து, சுண்டுவிரலை வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவே வைத்து, கைப்பிடியைத் திருகினான்.

“எங்க?”

அவள் பல்லைக் கடித்தாள். இன்னொரு திருகு. நகத்தைச் சுற்றி ரத்தம் கசிந்தது.

“சொல்லு அண்ணி. விரல்தானே போகுது, அவ என் பொண்டாட்டி.”

“பொண்டாட்டின்னா காது எதுக்குடா அவளுக்கு வெச்சான் கடவுள்?” என்று கத்தினாள். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கண் இருட்டியது. ஆனால் விடுதியின் பேர் வரவில்லை.

தராசு வெளியே ஓடி வந்து, கையில் கிடைத்த பெடல் தண்டால் அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். அவன் திரும்பி அவளை ஒரு தள்ளு தள்ளினான். தகரக் குவியலில் போய் விழுந்து நெற்றி கிழிந்தது. ஆனாலும் கிழவி விடவில்லை. ரத்தம் வழிய எழுந்து, தெருவே கூடும்படி அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். கூட்டத்தைக் கண்டதும் அவன் போய்விட்டான்.

கட்டுப் போட்ட விரலோடு மீதி வேலையை முடித்தாள். முடிந்ததும் தராசு அதைத் தன் எடைக் கொக்கியில் மாட்டிப் பார்த்தாள். பழைய சைக்கிளில் பாதி எடைகூட இல்லை. “என்னடி இது, உன் கோபத்தைவிட லேசா இருக்கு!” என்றாள்.

கொஞ்ச நாள் எல்லாம் நினைத்தபடி நடந்தது. டயர் கடையில் அவன் தலை தெரிந்ததும் வண்டியைத் திருப்பி, படிக்கட்டின் அடியில் குதித்து, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவாள். அவன் பாலத்தைச் சுற்றி அந்தப் பக்கம் வருவதற்குள் சந்துகளில் மறைந்துவிடுவாள். ஒருமுறை மேலே நின்று அவனுக்குக் கையசைத்துவிட்டும் போனாள். அது வேண்டாத வேலை என்று பிறகு அவளே சொன்னாள். பாம்பை அடிக்காமல் வாலை மட்டும் மிதித்த கதை.

அடுத்த முறை அவன் மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. படிக்கட்டின் உச்சியில், டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு காத்திருந்தான்.

அவள் கடைசிப் படிகளில் இருந்தாள். நிமிர்ந்தபோது கம்பி இறங்கிவிட்டது. தலைக்கு வந்தது சட்டத்தில் பட்டது, அலுமினியம் பள்ளமானது. இரண்டாவது அடி முன்கையில். மூன்றாவதற்கு அவன் கையை ஓங்கியபோது அவள் பின்வாங்கவில்லை. தோளில் இருந்த சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இடித்தாள். பல்சக்கரம் அவன் முகத்தில் ஏறியது. கன்னம் உதட்டோடு கிழிந்து தொங்கியது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறி, அவளைக் கடந்து படிகளில் உருண்டான். திருப்பத்தில் இருந்த தளத்தில் இடுப்பு அடிபட்டு விழுந்தான். கம்பி கணகணவென்று கீழே போனது.

அங்கேயே நின்றிருந்தால் அது தற்காப்பு. அவள் நிற்கவில்லை.

சைக்கிளோடு கீழே இறங்கினாள். அவன் எழ முடியாமல் கையை நீட்டி, “அண்ணி, வேணாம்” என்றான். சட்டத்தைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தாள். அவ்வளவு லேசான வண்டி; தூக்குவதற்குச் சிரமமே இல்லை. முன்கவை முறிந்தது. முறிந்த பிறகும் அடித்தாள். மேலே ஏறி வந்த இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுத்தபோதுதான் தன் தொண்டையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஒரு கண் போனது. இடுப்பு எலும்பு உடைந்தது. இந்த முறை காவல் நிலையத்தில் யாரும் உட்கார்ந்து பேசச் சொல்லவில்லை. அவளைப் பிடித்து அடைத்தார்கள். உடைந்த சைக்கிள் சாட்சியாக நீதிமன்றத்துக்குப் போனது.

சிறையில் பார்க்க வந்த தங்கை, கம்பிக்கு அந்தப் பக்கம் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“செத்துட்டாராக்கா?”

“இல்ல.”

“விழுந்தப்புறமும் அடிச்சியாமே” என்றாள்.

“ஆமா.”

“ஏன்?”

“தெரியல. கை நிக்கல. அவனுக்கும் இப்படித்தான் இருக்குமோ என்னமோ.”

அந்தப் பதில் தங்கையைப் பயமுறுத்தியது. அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஆனால் விசாரணை நாளில் வந்தாள். நீதிபதி கேட்ட கேள்வி காதில் விழாமல், “சத்தமா கேளுங்கய்யா, இந்தக் காதை எடுத்துட்டாரு” என்று இடது பக்கத்தைக் காட்டினாள். மற்றதையெல்லாம் அவளே, யாரும் தூண்டாமல், வரிசையாகச் சொன்னாள். தராசும் நெற்றித் தழும்பைக் காட்டிச் சாட்சி சொன்னாள். நீதிமன்றத்தில் பேசக் கூடாத இரண்டு வார்த்தைகளுக்காகக் கண்டிக்கப்பட்டாள். தண்டனை குறைந்தது. அவன் கைத்தடியோடு தன் அம்மா வீட்டுக்குப் போனான். அவன்மேலும் வழக்கு நடக்கிறது.

வெளியே வந்த லென்சு அக்காவைப் பட்டறை மறுபடி சேர்த்துக்கொண்டது. வாய் மட்டும் குறைந்துவிட்டது. ஒருநாள் பட்டறைக்காரர் விளையாட்டாக முதுகில் தட்டக் கை ஓங்கியபோது, இவள் கை அவர் குரல்வளையில் இருந்தது. அதிலிருந்து யாரும் பின்னாலிருந்து அவளைக் கூப்பிடுவதில்லை.

தங்கை இப்போது அவளோடுதான் இருக்கிறாள். போன மாதம் தனக்கும் ஒரு சைக்கிள் வேண்டுமென்றாள். இரண்டு பேரும் தராசின் குவியலைக் கிளறி ஒரு சட்டம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு சண்டை வந்தது.

“முன்னாடி கூடை வேணும்” என்றாள் தங்கை.

“கூடையா? அது ஒரு கிலோ கனம். படியேற முடியாது.”

“நான் எதுக்குப் படியேறணும்? என்னை யாருக்கா தொரத்துறா? காய்கறி வாங்கப் போறேன்.”

லென்சு அக்கா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, கோணலாக நின்ற விரலால் கூடையின் திருகாணியைப் பிடித்து முடுக்க ஆரம்பித்தாள். திருகாணி இரண்டு முறை கைநழுவியது. மூன்றாம் முறை தங்கை பிடித்துக்கொண்டாள்.