மேசை மாறி வந்த பாட்டில்

சோதனை செய்கிறவள் நான். அப்படியிருக்க, பெரியவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் பக்கத்து மேசைக்கே போனது ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் சரியான பதில் தெரியவில்லை.

1

சங்கரன்கோவிலுக்கு வெளியே இருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் லேப் டெக்னீஷியன். சேரும்போது என் மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. கணவருக்கு விருதுநகரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மாமியார் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் மாமனார். அவர் முடியாது என்றால் மறுநாளே நான் வேலையை விட வேண்டியதுதான்.

என் மேசைக்கும் தங்கம் சிஸ்டர் மேசைக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும்தான் மறைப்பு. சர்க்கரை பார்க்க வரும் பெரியவர்கள் காலி பென்சிலின் பாட்டிலில் சிறுநீர் கொண்டுவருவார்கள். நேரே என்னிடம் தந்தால் போதும். தரமாட்டார்கள். சிஸ்டரிடம் தருவார்கள், அவர் தட்டியைச் சுற்றி வந்து என் மேசையில் வைப்பார்.

“ஏட்டி தங்கம், பதநீ மாதிரி இருக்குன்னு சிரிக்காதே.”

“பதநீன்னா வித்து காசாக்கியிருப்பேன்லா தாத்தா. இது எறும்புக்குத்தான் ஆகும்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இந்தப் பக்கம் நான் டெஸ்ட் டியூபில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. கண்டுபிடிப்பது நான். முருங்கைக்காயும் மாம்பழமும் வந்து சேர்வது சிஸ்டருக்கு.

ஒரு பெரியவரைக் கேட்டே விட்டேன். “என்கிட்டயே தரலாமே தாத்தா?”

“நீ பச்சப்பிள்ளைக்காரி. ஒங்கிட்ட இதை எப்படிம்மா நீட்டுறது?” என்று பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.

2

ஒரு பாட்டிலைச் சிஸ்டர் வாரந்தோறும் வரும் வழியில் வாங்கித் தன் பையிலேயே கொண்டுவருவார். மற்றவர்கள் பெயரைச் சொல்லுகிறவர் இதற்கு மட்டும் சொல்லமாட்டார். கேட்டால், “ஒரு அண்ணாச்சி” என்பார். எப்போதும் செங்கல் நிறம். “இவரைக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர், நான் பேசுதேன்” என்றேன். “நீ பேசினா அவரு ஓடிருவாரு” என்று சிரித்தார். அப்படி என்ன இருக்கிறது இந்தச் சிஸ்டரிடம், என்னிடம் இல்லாதது?

மாதம் ஒருநாள் எனக்குத் திருநெல்வேலியில் மீட்டிங். ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய சமயம் அப்படிக் கிளம்பினேன். பஸ் எல்லாம் கூட்டத்தோடு நிற்காமல் போயின. திரும்பி ஆஸ்பத்திரிக்கே வந்து பின்வாசல் வழியாக என் மேசைக்குப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் என் மாமனார் குரல் கேட்டது.

“நேத்து மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிட மறந்துட்டேன் சிஸ்டரம்மா. கிறுகிறுன்னு வந்துட்டு. பிள்ளை இடுப்புல இருந்துச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.”

“ஐயோ அண்ணாச்சி! வீட்டுல சொல்லலியா?”

“மருமவகிட்ட சொல்லிராதீங்கம்மா. தெரிஞ்சா பிள்ளைய எங்கிட்ட விடமாட்டா. வேலையையும் விட்டுருவா. படிச்ச பிள்ளை.”

தட்டியின் இடுக்கில் பார்த்தேன். என் மகள் சிஸ்டரின் மேசைமேல் உட்கார்ந்து அவருடைய வாட்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பழகிய இடம் போல இருந்தாள். என் மீட்டிங் நாளில்தான் மாமா டாக்டரைப் பார்க்க வருவார் போலும். பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளை, என் மாமா, இரண்டு பேரும் இந்த அம்மாவிடமா என்றுதான் மனம் எரிந்தது. பயம் அவர்கள் போன பிறகுதான் வந்தது. தட்டியைச் சுற்றிச் சிஸ்டரிடம் போனேன்.

“எம்பிள்ளை சிஸ்டர்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா அவரு இங்கன வாரதை நிறுத்திருவாரு. மாத்திரையும் போயிரும். அதுக்கப்புறம் நீ என்ன செய்வே, சொல்லு?”



3

இப்போதெல்லாம் மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை நான் கிளம்புவதில்லை. “நேரமாகலியாம்மா?” என்கிறார். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார், எப்போது போடுகிறார் என்று கேட்க முடியவில்லை. மாமாவின் அந்தச் செங்கல் நிறப் பாட்டில் இன்னும் சிஸ்டர் பையில்தான் வருகிறது. என் வீட்டில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பதை நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெரியவர்களில் பலர் வீட்டுக்குத் தெரியக்கூடாத நோயோடுதான் நம்மிடம் வருகிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், அவர்கள் பக்கத்து மேசைக்குப் போனால் மனம் வாடாதீர்கள். எனக்கு இன்னும் வாடுகிறது.

வாசகிகளே, சிறு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்று மாமாவிடம் சொல்லிவிடட்டுமா? எப்படிச் சொன்னால் அவர் மாத்திரையை விடமாட்டார்? சொல்லாமலே இருந்தால், தினமும் பிள்ளையை அவர் இடுப்பில் கொடுத்துவிட்டு நான் எப்படி பஸ் ஏறுவது? தங்கம் சிஸ்டரை விட்டே சொல்லச் சொல் என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.