அதே புள்ளி, வேறு மாவட்டம்

இன்று பருத்தித்துறை பஸ்ஸில் என்னிடம் ரியூசனில் கெமிஸ்ரி படித்த பிள்ளையும் அவளுடைய அம்மாவும் முன் சீட்டில் இருந்தார்கள். நேற்றுத்தான் மெடிசினுக்கு வெட்டுப்புள்ளி வந்தது.

"என்ன மாதிரிப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாதான் கதைத்தார்.

"யாழ்ப்பாணத்துக்குக் காணாது சேர். கிளிநொச்சிக்கெண்டா இதே புள்ளி தாராளமாக் காணும்."

அவர்கள் கிளிநொச்சி ஆட்கள். நல்ல ரியூசன் வேண்டுமென்று வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே யாழ்ப்பாணம் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்த்தவர்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் குறைவு; படித்த மாவட்டத்தின் கணக்கில்தான் கம்பஸுக்கு எடுப்பார்கள்.

"அங்கையே இருந்திருந்தா இவளுக்குக் கிடைச்சிருக்கும், சேர்."

"அங்கை இருந்திருந்தா எனக்கு இந்தப் புள்ளி வந்திராதம்மா" என்றாள் பிள்ளை, திரும்பாமலே.

அம்மா என் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பினார்.

"சின்னவள் இப்ப ஒன்பதாம் ஆண்டு, சேர். அவளை இங்கை வைச்சிருக்கிறதோ, திருப்பிக் கொண்டுபோறதோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று இறங்கிவிட்டேன்.

இறங்கிய இடத்தில் என் ரியூசன் வகுப்பின் விளம்பர பனர். அதில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில், 'மருத்துவபீடம் செல்ல ஒரே வழி'.

பஸ்ஸில் போன அந்த அம்மா அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேறு வழி தெரிந்தவர்கள் கீழே கொமென்ற்றில் எழுதுங்கள், அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.