பார்த்ததும் நடந்ததும்

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீச்சல் வராது, அந்த மாதிரிதான். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். ஆசையாகத் துணி எடுத்து வருகிறவர்களிடம், "இந்தக் கலரு உங்களுக்கு எடுக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான் அளவு டேப்பைக் கையில் எடுப்பாள். தையல் நன்றாக இருப்பதால் கோபித்துக்கொண்டு போனவர்களும் திரும்ப வருகிறார்கள். விசேஷ வீடுகளில் மட்டும் சாப்பாடு எப்படி என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

போன ஆவணியில் பந்தல்குடியில் ஒரு சொந்தக்காரர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்ப ரோட்டோர டீக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நின்றோம். தூத்துக்குடி ரோடு. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டமாரென்று சத்தம். நிமிர்ந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ நடு ரோட்டில் குறுக்காக நின்றது. பக்கத்தில் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. அதை ஓட்டி வந்த பையன் சற்றுத் தள்ளிக் காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் இருந்து தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்து, "என்ன அண்ணாச்சி சத்தம்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

பையனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, அங்கே நின்ற எங்களையும் டீக்கடைக்காரரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. முதலில் என் மனைவியைக் கேட்டார். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. வெளியாட்களிடம் தமிழ் பேசும்போது அவள் வார்த்தைகளைக் கொஞ்சம் நிறுத்தித்தான் வைப்பாள். அன்றும் அப்படியே சொன்னாள்.

"ஆட்டோ கையும் காட்டலை, லைட்டும் போடலை சார். படக்குன்னு வலது பக்கம் திருப்பிட்டாரு. அந்தத் தம்பி வந்து மோதிட்டாரு."

ஆட்டோ டிரைவர் கதவோரமாக நின்றிருந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும். "அக்கா, நான் நின்னுக்கிட்டுல்லக்கா இருந்தேன்" என்றார்.

"நான் பாத்தேனே தம்பி."

அடுத்து நான். "நான் பார்க்கலை சார். போனைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

எஸ்.ஐ. சிரித்தார். "பொண்டாட்டிக்குத் தெரிஞ்சது பக்கத்துல நின்ன உங்களுக்குத் தெரியலையா? கோர்ட்டுக்கு வரணுமேன்னு பயந்தா எப்படி?" நான் மறுபடியும் அதையே சொன்னேன். யாரும் நம்பவில்லை.

கடைசியாக டீக்கடைக்காரர். "நான் கண்ணால பாத்தேன் சார். ஆட்டோ இண்டிகேட்டரைப் போட்டு நின்னுச்சு. பைக்குதான் வேகமா வந்து மோதிருச்சு" என்று அடித்துச் சொன்னார். பின்பக்கக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். டிரைவர் அவருடைய அக்கா மகன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எஸ்.ஐ.க்கு அது முன்பே தெரிந்திருந்தது. அதனால் என் மனைவி சொன்னதைத்தான் நம்பினார். ஆட்டோவை ஸ்டேஷனில் நிறுத்தினார்கள்.

எதிரே இருந்த உரக்கடையில் கேமரா இருந்தது. கடைக்காரர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்ததால் கடை பூட்டிக் கிடந்தது. அவர் திரும்பி வந்த பிறகு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி எங்களுக்குப் போன் வந்தது.

எஸ்.ஐ. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். வலது பக்கம் திரும்ப ஆட்டோ நடு ரோட்டில் காத்து நிற்கிறது. பின்னால் இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிகிறது. பைக் வேகமாக வந்து அதன் பின் மூலையில் இடிக்கிறது. இடித்த வேகத்தில் ஆட்டோ வலது பக்கமாகத் திரும்பிக் குறுக்காக நிற்கிறது. ஓரத்தில் நாங்கள். நான் குனிந்து போனைப் பார்க்கிறேன். அவள் ஆட்டோவுக்கு முதுகைக் காட்டி, பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பைக் இடித்த பிறகுதான் திரும்புகிறாள். ஆட்டோ சுற்றியதை மட்டும் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்னால் நடந்ததை மனசு தானாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

"இன்னொரு தடவை போடுங்க சார்" என்றாள். போட்டார். மூன்றாம் தடவை அவள் ஆட்டோவைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நிற்கும் தன்னையே பார்த்தாள். "அது நானா?" என்று என்னிடம் தெலுங்கில் கேட்டாள். வெளியாட்கள் முன்னால் அவள் தெலுங்கு பேசி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் வரும்போது, "நான் பொய் சொல்லலை" என்றாள்.

"இல்லை."

"அப்ப நான் சொன்னதுக்குப் பேரு என்ன?"



அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியில் டிரைவர் வீட்டுக்குப் போனோம். ஆட்டோ திரும்பக் கிடைத்திருந்தது. வீட்டு வாசலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். "தப்பாச் சொல்லிட்டேன் தம்பி" என்றாள். அவர் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எங்களை உள்ளே உட்காரவைத்து, ஆளுக்கொரு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

"கோவம் எல்லாம் இல்லைக்கா. நீங்க அம்புட்டு உறுதியாச் சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கை தன்னால திருப்பிருச்சோன்னு. வீடியோவைப் பாத்த பெறகுதான் நான் திருப்பலைன்னு எனக்கே தெரியும்."

அவள் கலரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

திரும்பும்போது டீக்கடைக்காரரிடம் கேட்டே விட்டேன். "நீங்க பின்னாடி தண்ணி பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பாக்காமயா அண்ணாச்சி அம்புட்டுச் சரியாச் சொன்னேன்?" பக்கத்தில் டீ குடித்தவர்களிடம் முழுவதையும் மறுபடி விவரித்தார். வீடியோவில் இல்லாத விஷயங்களும் அதில் இருந்தன. பையன் பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தானாம். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. பார்த்ததாகவே அவர் நம்பத் தொடங்கியிருந்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு நாள் காலையில் பையனின் அப்பா எங்கள் வீட்டைத் தேடி வந்தார். எம்.ரெட்டியபட்டியில் பருத்தி போடுகிறவர். பையன் காலில் தகடு வைத்திருக்கிறார்கள், கட்டிலில்தான் இருக்கிறான் என்றார். அவர் வீடியோவைப் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை.

"கேமராவுல என்ன வேணும்னாலும் செய்றாகம்மா. நீங்க நேர்ல பாத்தவுக. அன்னைக்குச் சொன்னதையே இன்னொரு தடவை வந்து சொல்லுங்க, அது போதும்."

"நான் பாக்கலைங்கய்யா."

"அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னீகளே?"

"அன்னைக்கும் பாக்கலை."

"ஆட்டோக்காரன் வீட்டுக்குப் போயிட்டு வந்தீகளாமே" என்றார். அவள் ஆமாம் என்றாள். "அதான்" என்று எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது, "உண்மையைப் பேசுற பொம்பளைன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார்.

நான் பின்னாலேயே போய் விளக்கலாம் என்று எழுந்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் இருந்து எடுத்து மறுபடி மிஷினில் வைத்தாள்.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு," என்றாள், "ஒரு டீ கூடப் போட்டுக் குடுக்கலையே நாம."