எக்ஸ்பியோடு போன எழுத்து

வழக்கமாக லைக் மட்டும் போடுகிறவள் நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

எங்கள் வீட்டுக் கணினியில் இத்தனை காலமும் பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடியது. புது விண்டோஸ் போட இன்று புத்தளம் டவுனில் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன்.

“தங்கச்சி, இதுக்கு மேலயே புதுச ஏத்தினா பழைய குப்பையும் சேர்ந்து வரும். முழுக்க அழிச்சிட்டுப் போடுவமா?” என்றார் கடைக்கார நானா.

கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் எடுத்துவைத்த தைரியத்தில், “ஓம் நானா, அழிங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து, நாளை அச்சுக்குப் போகவேண்டிய என் மூத்தவளான ராத்தாவின் கல்யாண அழைப்பிதழைத் திறந்தேன். ‘திருமணம்’ இருந்த இடத்தில் jpUkzk; என்று நின்றது. கோப்பைக் காப்பாற்றியவள், அதன் தமிழ் எழுத்துருவை எடுக்க மறந்துவிட்டேன்.

ராத்தா எட்டிப் பார்த்தாள். “மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இத வாசிச்சா, பொண்ணு எந்த நாட்டுக்காரி எண்டு கேப்பாங்க!”

கதிரையில் இருந்தபடியே வாப்பா, “கெம்பஸ்ல இதையும் சேர்த்துப் படிச்சிருக்கலாமே, மகள்?” என்றார்.

“நான் படிச்சது புவியியல், வாப்பா.”

வேறு எழுத்துருவில் அடித்துக் காட்டினேன். ராத்தாவுக்கு அந்தப் பழைய பூவளைவு எழுத்துதான் வேண்டுமாம். இணையத்திலும் அது கிடைக்கவில்லை.

ஆகவே, உங்களில் யார் வீட்டிலாவது இன்னும் எக்ஸ்பி ஓடினால், தயவுசெய்து இன்றைக்கு மட்டும் அதை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள தமிழ் எழுத்துருக்களை எனக்கு அனுப்புங்கள். அழைப்பிதழ் உங்களுக்கும் வரும், தமிழிலேயே.